சத்தம் வாங்கிக்கொண்டவர்கள்

ஈச்சங்கரட்டில் கட்டிய காப்பு மூன்று வருஷம் அவிழாமல் இருந்ததைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால், நாங்கள் அதை அதிசயம் என்றெல்லாம் சொல்ல மாட்டோம், அலுப்பு என்றுதான் சொல்வோம். காப்பு கட்டிவிட்டால் ஊரில் கல்யாணம் கிடையாது, எல்லையைத் தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது, உலக்கை எடுத்து மிளகாய் இடிக்கக் கூடாது, எண்ணெய் காயவைத்துக் கடுகு தாளிக்கக் கூடாது. எட்டு நாள் என்றால் யாரும் தாங்கிக்கொள்வார்கள். எட்டாம் நாள் காலையில் கரட்டுச்சாமி பல்லக்கில் ஏறி வேட்டைத் திடலுக்குப் போவார், வில்லுக்காரர் வீட்டு ஆள் மட்டும் தனியாகக் கரட்டடிக்குப் போய்ப் பத்தே தப்படி தள்ளி நின்று ஒரு புள்ளிமானை ஒரே அம்பில் வீழ்த்துவார், அந்த ரத்தத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு சாமி கோயிலுக்குத் திரும்புவார், பூசாரி எல்லார் கையிலும் மஞ்சள் கயிற்றை அறுப்பார், அன்று மத்தியானமே ஊர் முழுக்கக் கடுகு வெடிக்கும். அந்தக் காலத்தில் மானை அடிக்க யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் மான் விழ வேண்டுமே. அது விழாததால் சாமி வேட்டைத் திடலில் ஓலைக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார், நாங்கள் தாளிக்காத குழம்பைத் தின்றுகொண்டிருந்தோம்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், தையல் மிஷின் வைத்திருக்கிறேன். என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மாதத்தில்கூடக் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன், ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் படுக்க முடியவில்லை. அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் கடுப்போடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லுக்காரர் சன்னாசிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பத்தொன்பது வருஷம் ஒரே அம்பில் மானை வீழ்த்தினவர். நாலு வார்த்தை தேவைப்படும் இடத்தில் இரண்டு பேசி முடித்துக்கொள்கிற ஆள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு நாலு வயசு மகள் பவுன்தாயைத் தானே தலை பின்னி, தானே சோறு பொங்கிப் போட்டு வளர்த்தார். அந்தப் பவுன்தாய்க்கு இருபத்தாறு வயதில், நூல் மில்லில் வேலை பார்க்கும் மொக்கராசு என்பவனோடு பரிசம் போட்டார்கள். பரிசம் போட்ட அந்த மாசியில்தான் முதல்முதலாகச் சன்னாசியிடமிருந்து மான் தப்பியது.

மான் அம்பைப் பார்த்து ஓடுவதில்லை, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாண் விடுபடுகிற சத்தம் அம்பை முந்திக்கொண்டு போய் அதன் காதில் விழும், விழுந்ததும் அது துள்ளுவதற்காகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும், அந்த ஒரு சாண் தாழ்வில் அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். தூரத்தில் நின்றால் காற்று பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும். பத்துத் தப்படியில் அம்பு வில்கட்டையில் உரசுவது கேட்கும், கூட்டில் இருக்கிற மற்ற அம்புகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்வது கேட்கும், செருப்பு முனகுவது கேட்கும். மாதத்துக்கு ஒரு காலை பூசாரி உத்தரவு கொடுப்பார், சன்னாசி போவார், உவர்மண் நக்க வரும் மான் தலையைத் தூக்கும், வெறுங்கையோடு திரும்புவார். நாங்கள் எல்லாரும் வில்லைத்தான் குற்றம் சொன்னோம்.

முதலில் கீதாரி உடையான் இரண்டு கைப்பிடி கம்பளி ஆட்டு மயிர் கொண்டுவந்து கொடுத்தார். சன்னாசி அதை நாணின் இரண்டு முனையிலிருந்தும் ஒரு சாண் உள்ளே தள்ளி இறுக்கிக் கட்டி, ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் வைக்கோல் பொம்மையைப் பார்த்து எய்தார். அம்பு போனது, பொம்மையில் குத்தியது, நாண் மூச்சு விடவில்லை. அதே நொடியில், பக்கத்தில் நின்று தன் ஆடுகளுக்குக் கழிச்சல் கண்டிருப்பதை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்த கீதாரி பாதிப் பேச்சில் நின்று, தொண்டையிலிருந்து "விண்ண்ண்" என்றார்.

"நாண் ஒன்கிட்ட வந்துருச்சு போலயே," என்றார் டீக்கடை குருவையா. "அப்படித்தான் தெரியுது," என்று தொண்டையைத் தடவிக்கொண்டார் கீதாரி. அவ்வளவுதான் பேச்சு. வருஷக்கணக்காகக் கடுகு வாசம் அறியாதவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகத் தெரிவதில்லை.

இரண்டு மூன்று நாளில் விவரம் பிடிபட்டது. சத்தத்தை அடக்குகிற பொருளை யார் கொடுக்கிறார்களோ, சத்தம் அவர்களிடம் போய்க் குடியிருக்கும். சும்மா காற்றில் கரைந்து போகாது. வில்லின் முனையில் நாண் வந்து அடிக்கிற இடத்தில் ஒட்டுவதற்குக் குருவையா தன் பழைய இடுப்பு வாரை வெட்டிக் கொடுத்தார், அன்றிலிருந்து சன்னாசி எய்யும்போதெல்லாம் அவர் முதுகில் 'டப்' என்று ஒரு அடி சத்தம் கேட்கும், டீ ஆற்றிக்கொண்டிருக்கிற மனுஷன் யாரடா அது என்று திரும்பிப் பார்ப்பார், எத்தனை தடவை ஆனாலும் திரும்பிப் பார்ப்பார். செருப்புக்கு எண்ணெய் கொடுத்த அம்பலக்காரருக்குத் தாடையில் 'கிறீச்' வந்தது, பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்லும்போது சன்னாசி எங்கேயாவது நடந்துகொண்டிருந்தால் ஒரு பயலும் தீர்ப்பை மதிக்க மாட்டான். நான் அம்புக்கூட்டுக்குள் ஒவ்வொரு அம்புக்கும் தனித்தனியாகப் பைபோல ஃபிளானல் துணி தைத்துக் கொடுத்தேன், அம்புகளின் கலகலப்பு என் வலது முழங்கைக்கு வந்து சேர்ந்தது. மிஷின் கைப்பிடியைச் சுற்றுகிறபோது கலகலவென்று கேட்டால், அண்ணன் கூட்டைத் தோளில் மாட்டிவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

ஊர் இதற்கு ஒரு ஒழுங்கு செய்துகொண்டது. காலை பத்திலிருந்து பதினொன்று வரைதான் சன்னாசி பழக வேண்டும், அந்த நேரத்தில் சத்தம் வாங்கியவர்கள் யாரும் நிறைகுடத்தோடு நடக்கக் கூடாது, முகச்சவரம் செய்துகொள்ளக் கூடாது, துக்க வீட்டில் முன்வரிசையில் உட்காரக் கூடாது. சத்தம் கிடைக்காத வீடுகளுக்கு மனத்தாங்கல் வந்தது. "எங்களை எல்லாம் இந்த ஊர்க்காரங்களாவே நெனைக்கலையா?" என்று கேட்டுக்கொண்டு ஆளுக்கொரு துணியோடு வந்தார்கள், கட்டக் கட்ட அந்த வில் குளிர்காய்ச்சல்காரன்போல் போர்த்திக்கொண்டு கிடந்தது. வில்லில் சத்தம் தீர்ந்ததும் சன்னாசியின் உடம்பில் தேட ஆரம்பித்தோம். உட்கார்ந்து எழுந்தால் சொடுக்கும் அவருடைய முழங்காலை, தன் மப்ளரைக் கொடுத்து வாத்தியார் வாங்கிக்கொண்டார். வேட்டைக்கு வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்பதால் வயிறு கடமுடா என்று இரையும், அதைப் பூசாரி தன் இடுப்புத் துண்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். சாமி வந்து குறி சொல்லும்போது அந்த வயிறு இரைந்தால், சாமிக்குப் பசிக்கிறது என்று ஜனம் இன்னும் இரண்டு பழம் வைத்தது.

மான் விழவில்லை. முப்பது தடவைக்கு மேல் போயிருப்பார். மூன்று வருஷம் கழிந்து வந்த ஆனியில், கழற்றுவதற்கு ஒரு சத்தம்கூட மிச்சமில்லாமல் போய், நிழல் மாதிரி நின்றிருந்தும் மான் ஓடிவிட்டது என்று கேட்டபோது, ஊரில் யாரும் திட்டக்கூட இல்லை. திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

மறுநாள் காலை நான் சன்னாசியண்ணன் வீட்டுக்குப் போனேன். பவுன்தாயின் கல்யாண ரவிக்கையை மூன்றாம் முறையாகப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைத்துக் கொண்டுபோயிருந்தேன். கத்தரிப்பூக் கலரில் கூரைப்புடவை எடுத்துப் பெட்டியில் வைத்து மூன்று வருஷம், புடவை அப்படியே இருந்தது, பிள்ளைக்குத்தான் இருபத்தொன்பது ஆகிவிட்டது. அவள் அரிவாள்மனையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வில்லுல குத்தம் இல்ல தங்கச்சி," என்றார் என்னிடம், நான் ஒன்றும் கேட்காமலேயே. "நேத்து நான் நாணை இழுக்கவே இல்ல. அதுக்குள்ள காதைத் திருப்பிருச்சு. வில்லுப் பக்கம் திருப்பலை. என் நெஞ்சைப் பாத்துத் திருப்புச்சு."

பவுன்தாய் எழுந்து வந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். "சும்மாதான் அடிக்குது," என்றாள். பிறகு காதை எடுக்காமலே, "மொக்கராசு அம்மா ஆள் விட்டுருக்காக. ஆவணி மொத முகூர்த்தம் தவறுனா வேற பொண்ணு பாக்கப் போறாகளாம்," என்றாள்.

நான் மூன்று முழம் தள்ளி நின்றேன், எனக்கே கேட்டது. உரலில் மிளகாய் இடிப்பது போல் இருந்தது.

அவள் முகம் மாறியது. "மானு," என்றாள். அடங்கியது. "கல்யாணம்," என்றாள். மறுபடி இடித்தது. "பஸ்ஸு. நான் ஏறிப் போற பஸ்ஸு," என்றாள். அதற்கு இடித்த இடியில் பரணில் இருந்த புழுதி கொட்டியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம்ப வேண்டாம்.

"அய்யா, மூணு வருசமா ஊரையே கட்டிப்போட்டது இதுதானா?"

"வயசாகுதுல்ல ஆத்தா."

"நான் போறது பிடிக்கலைன்னா பரிசம் போடுறப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"பிடிக்கும்," என்றார். "ரெம்பப் பிடிக்கும். அது நல்ல பய. நான் சொன்னா இது கேக்க மாட்டேங்குது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் அம்மாவின் கடைசி மாதம் என் கண் முன்னால் வந்து போனது. ஒரு மனுஷனின் நெஞ்சுக்காகவா நான் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தேன் என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் தன் நெஞ்சில் கையை வைத்து, அழுகிற பிள்ளையைத் தட்டுவது போல் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லி முடித்தேன்.

பவுன்தாய் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். அந்தப் புடவையைக் கொண்டுவந்து உள்தலைப்பில் பல்லால் கடித்து, நாலு விரல் அகலத்துக்குச் சர்ரென்று கிழித்தாள். தையல்காரி முன்னால் செய்யக்கூடாத காரியம்.

"வேணாம் ஆத்தா. ஒனக்கு எதுக்கு இது?" என்றார் சன்னாசி.

"பின்ன யாருக்குக் குடுப்பீக? இந்த இடி இடிக்குது, யாரு வாங்கினாலும் ஏன்னு கேப்பாக. சொல்லுவீகளா?"

அவர் சட்டையைக் கழற்றினார். அவள் அந்தத் துணியை நெஞ்சைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டாள். அவரிடம் சத்தம் நின்றது. இவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரே கதவை ரெண்டு ஆள் தட்டுற மாதிரி இருக்கு அத்தை," என்றாள் என்னிடம்.

அடுத்த மாதம், ஆடி கடைசி வெள்ளிக்கிழமை காலையில் சன்னாசி தனியாகக் கரட்டடிக்குப் போனார். வேட்டையைப் பார்க்க யாரும் போகக் கூடாது, ஆனால் எங்களுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. சத்தம் வாங்கினவர்கள் எல்லாரும் மந்தையில் வந்து உட்கார்ந்தோம், மற்றவர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். அம்பலக்காரரின் தாடை கிறீச்சிட்டது, நடக்கிறார் என்றோம். என் முழங்கை கலகலத்தது, ஓடை இறங்குகிறார் என்றோம். வாத்தியாரின் முழங்கால் சொடுக்கியது, உட்கார்ந்துவிட்டார். பூசாரியின் வயிறு நீளமாக ஒருதரம் இரைந்தது, யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் எங்கள் யார் உடம்பிலும் ஒன்றும் இல்லை. பவுன்தாய் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, அந்தக் கை வழியாக அது எனக்கும் தெரிந்தது, இடி இடி இடி என்று, அவள் பஸ்ஸில் ஏறுவதை அங்கே ஒரு புதர் மறைவில் உட்கார்ந்து அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது. பிறகு கீதாரியின் தொண்டை "விண்ண்ண்" என்றது. குருவையா முதுகில் 'டப்' விழுந்தது, அன்று மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பவுன்தாய்க்குள் ஒரு துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. அப்புறம் வந்தது, மெதுவாக.

"விழுந்துருச்சு," என்றாள்.

அன்று மத்தியானம் காப்பை அவிழ்த்தார்கள். கொடுத்த துணிகளை வில்லிலிருந்தும் உடம்பிலிருந்தும் பிரித்து அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, செருப்பு எண்ணெயையும் துடைத்துவிட்டதும் சத்தங்கள் எங்களை விட்டுப் போயின. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கடுகு வெடித்தது, அந்தப் புகையில் நாங்கள் தும்மினோம், தும்மிக்கொண்டே அழுதோம். குருவையா மட்டும் இரண்டு நாள் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சன்னாசி நெஞ்சுத் துணியை அவிழ்க்கவில்லை. "கல்யாணம் முடியட்டும் ஆத்தா. இப்ப அவுத்தா பந்தல்ல எல்லாருக்கும் கேக்கும்," என்றார். அவருக்கு அது மானப் பிரச்சினை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாலி ஏறியபோது அவர் தூண் மாதிரி நின்றார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, என்ன மனுஷன், கல்லு, என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டார்கள். கெட்டிமேளத்தை மீறித் தனக்குள் கேட்டதைப் பவுன்தாய் யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது, "அவுத்துருங்கய்யா, நான் போனப்புறம் யாரு கேக்கப் போறா?" என்றாள். "சரி ஆத்தா," என்றார். அவிழ்க்கவில்லை. ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோது கம்பவுண்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, குழாய் ரிப்பேர் என்று உதறிக்கொண்டு போனார்.

அங்கே மாமியாருக்கு இரண்டு துடிப்பு கேட்டு, கல்யாணமான மூன்றாம் வாரமே பிள்ளை உண்டாகிவிட்டாள் என்று அக்கம்பக்கத்துக்குச் சீனி கொடுத்து, பிறகு எல்லார் முன்னாலும் அசடு வழிந்ததாகப் பவுன்தாய் எழுதினாள். மொக்கராசிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். "இருந்துட்டுப் போகட்டும், மாமா நம்மகிட்ட வேற என்ன கேட்டாரு?" என்றானாம் அவன். நல்ல பயல்தான்.

அதே கடிதத்தில் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். "அத்தை, சாயங்காலம் நாலரை மணி வாக்கில் அய்யா என்ன வேலை பார்க்கிறார்? தினமும் அந்த நேரத்தில் கரடு ஏறுகிற மாதிரி அடிக்கிறது. ஐந்து நிமிஷத்தில் தொய்ந்து போகிறது."

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் திரிக்க இடம் இல்லாததுபோல. பஸ் வந்தது, அவர் கயிற்றையே பார்த்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள், கயிற்றையே பார்த்தார். கடைசி ஆள் இறங்கி, பஸ் கிளம்பி, புழுதி அடங்கியதும் தலையைத் தூக்கி, வெறும் ரோட்டை ஒருதரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிப் போட்டேன்.

அவளால் உடனே வர முடியவில்லை. மொக்கராசுக்கு ஷிப்ட் மாறியது, மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, பிறகு வாயும் வயிறுமாகி ஒரு பெண் பிறந்தது, பிள்ளைக்கு மாந்தம், மறுபடி மாமியார். யாரையும் குறை சொல்ல முடியாது, குடும்பம் என்றால் அப்படித்தான், வருகிற மாதம் வருகிற மாதம் என்றே இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. நாலரை மணி ஆனால் எந்த வேலையையும் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்துகொள்வாளாம், அது ஏறி இறங்குகிற வரை பேச மாட்டாளாம்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலரை மணிக்கு அது ஏறவில்லை. நின்றுவிட்டதோ என்று பயந்து கையை வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை, அது பாட்டுக்குச் சீராக, வேலைவெட்டி இல்லாதவன் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமையும் அப்படியே. அவருக்கு நோய் ஒன்றும் இல்லை, பார்ப்பதை விட்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. செத்துப்போயிருந்தால்கூட அப்படி அழுதிருப்பேனா தெரியாது அத்தை, என்றாள் என்னிடம் பிறகு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தைத்த துணி கொடுக்கப் பஸ் நிற்கிற பக்கம் போயிருந்தேன், பஸ்ஸிலிருந்து பவுன்தாய் இறங்கினாள். பாலத்துக் கட்டையில் யாரும் இல்லை. நான் ஓடிப் போய்ப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், இரண்டு பேருமாக அண்ணன் வீட்டுக்கு நடந்தோம்.

சன்னாசியண்ணன் வாசலில் குத்தவைத்துக் கோழிக்கூண்டுக்குப் படல் கட்டிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, குரலிலும் இல்லை.

"பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டார்.

பவுன்தாய் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். என் இடுப்பிலிருந்த பிள்ளை அந்தச் சத்தத்துக்குப் பயந்து அழ ஆரம்பித்தது.